வேட்டைத் துப்பாக்கியும் புகையற்ற மருந்தும்



சில ஆண்டுகளுக்கு முன் என் நண்பர் ஒருவர் தம் வீட்டுப் பரணிலிருந்து இறக்கிய மரப்பெட்டி ஒன்றை என்னிடம் காட்டினார். அவருடைய பாட்டனார் மலைத்தோட்டம் ஒன்றில் கணக்கராக இருந்தவர். தோட்டத்துத் துரையின் துப்பாக்கிக்குத் தோட்டா நிரப்பிக் கொடுப்பதும் அவர் வேலைகளுள் ஒன்றாம். பெட்டிக்குள் தோட்டாவின் வாயை மடிக்கும் சிறு கைப்பொறியும், கம்பளித் தக்கைகள் சிலவும், மரப்பிடி பொருத்திய சின்னஞ்சிறு பித்தளை அளவை ஒன்றும் இருந்தன. அந்த அளவையின் மேல் 2½, 2¾, 3 என்று எண்கள் பொறிக்கப்பட்டிருந்தன. அவை 'டிராம்' என்னும் பழைய எடையின் எண்கள். 1 டிராம் ஏறத்தாழ 1.77 கிராம் ஆகும். "அப்படியானால் 3 என்ற கோடுவரை எந்த வெடிமருந்தை நிரப்பினாலும் 3 டிராம் இருக்கும், இல்லையா?" என்று நண்பர் கேட்டார். அவர் கேட்டது எளிய கேள்விதான். ஆனால் அதற்கு ஆம் என்று விடை கண்டு, அந்த விடையை நம்பிச் சுட்டவர்களுள் சிலர் தம் விரல்களை இழந்திருக்கின்றனர். அந்தக் கேள்வி எங்கிருந்து பிறந்தது என்பதைத்தான் இன்று உங்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

வேட்டையின் புகழ் பாட நான் வரவில்லை. 1972-ஆம் ஆண்டில் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தபின், வேட்டையைப் பொழுதுபோக்காகக் கொண்ட காலம் நம் நாட்டில் முடிந்துவிட்டது. ஆனால் அந்தப் பொழுதுபோக்குக்காக ஐரோப்பாவில் நடந்த ஆராய்ச்சியில் வேதியியல் மாணவர் அறிய வேண்டிய செய்திகள் பல உண்டு.

முதலில் பழைய மருந்தைப் பார்ப்போம். வெடியுப்பு, கரி, கந்தகம் ஆகிய மூன்றையும் நுண்ணிதாக அரைத்துக் கலந்ததே கருமருந்து. இதில் கரியும் கந்தகமும் எரிபொருள்கள். அவை எரிவதற்கு வேண்டிய உயிர்வளியைத் தருவது வெடியுப்பு. வெடியுப்பு என்பது பொட்டாசியம் நைட்ரேட் அன்றோ? உயிர்வளியைக் கொடுத்த பின்னர் அதிலுள்ள பொட்டாசியம் எங்கே போகும்? அது ஆவியாகி மறைவதில்லை. கார்பனேட்டாகவும் சல்ஃபேட்டாகவும் மாறித் திடப்பொருளாக எஞ்சி நிற்கிறது. 1870-களில் நோபிள், ஆபெல் என்னும் இரு அறிஞர்கள் வலிய எஃகுக் கலத்துக்குள் கருமருந்தை அடைத்து எரித்து, விளைந்தவற்றையெல்லாம் நிறுத்துப் பார்த்தனர். எடையில் பாதிக்கு மேற்பட்ட பகுதி வாயுவாகாமல் திடப்பொருளாகவே எஞ்சுவதைக் கண்டனர். ரவையைத் தள்ளும் வேலையைச் செய்வது வாயு. எஞ்சிய பாதியில் ஒரு பகுதி வெண்புகையாகக் காற்றில் மிதக்கும். மற்றொரு பகுதி கருங்கசடாகக் குழலின் உட்புறத்தில் படியும்.

இதனால் துப்பாக்கி பிடித்தவனுக்கு விளைந்த தொல்லைகள் இரண்டு. அக்காலத்து வேட்டைத் துப்பாக்கி பெரும்பாலும் இரட்டைக்குழல் கொண்டது. முதற்குழலைச் சுட்டவுடன் முகத்துக்கு நேரே புகைத்திரை எழும். காற்றோட்டமில்லாத ஈரமான காலை வேளையாக இருந்தால் அத்திரை எளிதில் விலகாது. இரண்டாம் குழலில் தோட்டா இருக்கும். பறவையோ கண்ணுக்குத் தெரியாது. மற்றத் தொல்லை மாலையில் வந்து சேரும். படிந்த கசடு காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும்; குழலை அன்றே வெந்நீர் விட்டுக் கழுவாவிட்டால் துருப்பிடிக்கும்.

இந்த நிலையில், 1846-ஆம் ஆண்டில் சுவிட்சர்லாந்து நாட்டின் பாசல் நகரத்துப் பேராசிரியர் ஷோன்பைன் ஒரு புதுமையை உலகுக்கு அறிவித்தார். நைட்ரிக் அமிலமும் கந்தக அமிலமும் சேர்ந்த கலவையில் தோய்த்தெடுத்த பஞ்சு, பார்வைக்குச் சாதாரணப் பஞ்சைப் போலவே இருந்தது. ஆனால் தீப்பட்ட கணத்தில் புகையுமின்றிச் சாம்பலுமின்றி அது மறைந்துவிட்டது. இதற்கு வெடிபஞ்சு என்று பெயர்.

இந்த வியப்புக்குக் காரணம் என்ன? கருமருந்தில் எரிபொருளும் உயிர்வளியும் வேறு வேறு துகள்களில் இருக்கின்றன. வெடிபஞ்சிலோ அவை இரண்டும் ஒரே மூலக்கூறில் குடியிருக்கின்றன. செல்லுலோசில் கரியும் நீர்வளியும் உண்டு. அமிலத்திலிருந்து வந்த நைட்ரேட் தொகுதிகள் உயிர்வளியைத் தருகின்றன. பொட்டாசியம் போன்ற உலோகம் எதுவும் இல்லை. ஆகவே எரிந்தபின் கிடைப்பவை கார்பன் டை ஆக்சைடு, கார்பன் மோனாக்சைடு, நைட்ரஜன், நீராவி முதலிய வாயுக்களே. கண்ணை மறைக்க அங்கே எதுவும் எஞ்சுவதில்லை.

இத்தகைய பொருளைப் படைகளும் வேட்டைக்காரர்களும் உடனே ஏற்றிருப்பார்கள் என்று நீங்கள் எண்ணலாம். நடந்தது வேறு. 1847 ஜூலை 14 அன்று இங்கிலாந்தில் ஃபேவர்ஷாம் நகரத்து வெடிபஞ்சுச் சாலை வெடித்துத் தொழிலாளர் பலர் மாண்டனர். ஆஸ்திரியப் படையினர் மட்டும் முயற்சியைக் கைவிடாமல் தொடர்ந்தனர். அவர்களுடைய கிடங்குகளும் 1862-இலும் 1865-இலும் வெடித்தன. தீ வைப்பார் யாருமின்றித் தானாகவே வெடிக்கும் பொருளை எவர் வைத்திருப்பார்?

பின்னர் ஆராய்ந்தபோது குற்றம் இரண்டு இடங்களில் இருப்பது தெரிந்தது. பஞ்சின் இழை உட்குழிவுள்ளது. அதற்குள் தங்கிய அமிலத் துளிகளை மேற்போக்கான கழுவலால் நீக்க முடியவில்லை. அந்த அமிலம் நாளடைவில் மருந்தைச் சிதைத்தது. சிதையும்போது பிறந்த வெப்பம் பெருகி வெடிப்பாயிற்று. இங்கிலாந்தில் ஆபெல் 1865-இல் இதற்கு வழி கண்டார். காகிதம் செய்வோர் கந்தலைக் கூழாக்குவதுபோல், வெடிபஞ்சை நீருக்குள்ளேயே துண்டு துண்டாக அரைத்துக் கழுவினால் உள்ளிருக்கும் அமிலம் வெளியேறிவிடும் என்று அவர் காட்டினார். இரண்டாவது குற்றம் எரியும் விரைவு. தளர்ந்த பஞ்சிழைகளுக்கிடையே தீ ஓடும் வேகம் மிகுதி. குண்டு நகரத் தொடங்குமுன்பே வாயு முழுவதும் பிறந்துவிட்டால், அழுத்தம் குழலையே பிளந்துவிடும் அன்றோ?

இங்கேதான் நம் கதையின் நாயகர் வருகிறார். அவர் பிரஷ்யப் பீரங்கிப்படையைச் சேர்ந்த காப்டன் ஷுல்ட்ஸே. 1864-ஐ ஒட்டிய காலத்தில் அவர் பஞ்சை விடுத்து மரத்தை எடுத்துக்கொண்டார். மரத்தைச் சிறு மணிகளாக்கித் தூய்மை செய்து, அமிலத்தில் பக்குவப்படுத்தி, நன்றாகக் கழுவிய பின்னர் வெடியுப்பும் பேரியம் நைட்ரேட்டும் கரைந்த நீரில் ஊறவைத்து உலர்த்தினார். பஞ்சு இழையாக இருந்தது. இம்மருந்தோ மணியாக அமைந்தது. எரியும் வேகமும் ஓரளவு தணிந்தது. இந்த உப்புகள் சேர்ந்தமையால் சிறிது புகை எழத்தான் செய்தது. ஆயினும் கருமருந்தின் புகையோடு ஒப்பிட்டால் அது மெல்லிய மூட்டமே. 'புகையற்ற' என்னும் அடைமொழியை இந்த முதல் மருந்துகளுக்கு ஒப்பீடாகவே கொள்ள வேண்டும்.

உலகப் படைகள் பல ஏற்கமுடியாத மருந்தை வேட்டைத் துப்பாக்கி எப்படி ஏற்றது? ரைஃபிளின் குண்டு ஒரே திண்மையான துண்டு. குழலின் உட்புறத்தில் வெட்டிய திருகு வரிகளில் இறுகிப் பதிந்துகொண்டு அது நகர வேண்டும். எதிர்ப்பு மிகுதியாகவே அழுத்தமும் விரைந்து ஏறும். வேட்டைத் துப்பாக்கியின் குழலோ உட்புறம் வழவழப்பானது. அதில் செல்வது கம்பளித் தக்கையும் அதன் முன்னே சிறு ரவைகளும் தான். அவை சட்டென்று வழிவிடுகின்றன. ஆகவே விரைந்து எரியும் நுண்துளை மருந்தை வேட்டைத் துப்பாக்கி பொறுத்துக்கொண்டது. ரைஃபிளால் பொறுக்க முடியவில்லை. இக்காரணத்தால், புதுமைகள் முதலில் போர்க்களத்தில் தோன்றிப் பின்னரே பொழுதுபோக்குக்கு வரும் என்னும் பொது எண்ணம் இங்கே பொய்த்தது. படைவீரனுக்கு ஏறத்தாழ இருபது ஆண்டு முன்னதாகவே வேட்டைக்காரன் புகையற்ற மருந்தைக் கையாளத் தொடங்கிவிட்டான்.

1868-இல் ஷுல்ட்ஸேயின் பெயரால் இங்கிலாந்தில் ஒரு கம்பெனி தோன்றியது. ஹாம்ப்ஷயரில் நியூ ஃபாரெஸ்ட் என்னும் காட்டுப் பகுதியில், ஐவர்த் என்ற ஒதுக்குப்புறத்தில் அதன் தொழிற்சாலை அமைந்தது. மருந்தைக் கழுவ நீர் ஏராளமாக வேண்டும் என்பதை முன்னரே கண்டோம். அதற்காக அங்கே ஓடிய சிற்றோடையை மறித்துக் குளம் ஒன்றை உண்டாக்கினர். தொழிற்சாலை 20-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் மூடப்பட்டது. குளம் மட்டும் இன்றும் இருக்கிறது. பறவைகளைச் சுடும் மருந்துக்காக வெட்டிய அக்குளத்தின் கரைக்கு இப்போது பறவைகளைக் கண்டு மகிழ்வதற்காக மக்கள் செல்கின்றனர்.

1882-இல் அடுத்த படி ஏறினர். ஸ்டோமார்க்கெட் நகரத்து எக்ஸ்புளோசிவ்ஸ் கம்பெனியில் ரீட், ஜான்சன் என்னும் இருவர் மரத்துக்குப் பதிலாக மீண்டும் பஞ்சையே எடுத்தனர். வெடிபஞ்சைக் கூழாக்கி மணிகளாகத் திரட்டி, ஈதரும் ஆல்கஹாலும் சேர்ந்த கரைப்பானால் ஒவ்வொரு மணியின் புறத்தோலை மட்டும் இறுகச் செய்தனர். கம்பெனிப் பெயரின் முதலெழுத்துகளைக் கொண்டு இம்மருந்து 'இ. சி.' என்று வழங்கலாயிற்று. மணிகள் பொடிந்து தூளாகாமல் உறுதியாக இருந்தமையால், ஒரு தோட்டாவைப் போலவே மறு தோட்டாவும் சுட்டது. இது சிறிய நன்மையன்று. அமெரிக்காவில் கார்ல் டிட்மார் என்பவர் 1870-களில் விற்ற மரமருந்து இந்த ஒரு குணம் இல்லாமையாலேயே கெட்ட பெயர் எடுத்தது. ஒரு நாள் மெலிந்தும் ஒரு நாள் சீறியும் எரியும் மருந்தை எவரும் நம்பமாட்டார்கள். 1890-இல் நியூஜெர்சி மாநிலத்து ஓக்லாந்தில் இ. சி. மருந்துக்கு ஒரு தொழிற்சாலை ஏற்பட்டது. கருமருந்திலேயே பெருஞ்செல்வம் ஈட்டிய டூபான்ட் கம்பெனியும் அடுத்த சில ஆண்டுகளில் புகையற்ற வேட்டை மருந்து செய்ய முற்பட்டது.

இனி, நண்பரின் பித்தளை அளவைக்கு வருவோம். புதிய மருந்தை விற்பவர்களுக்கு ஒரு சிக்கல் இருந்தது. அக்காலத்தில் பலர் தம் தோட்டாக்களைத் தாமே நிரப்பிக்கொண்டனர். அவர்கள் வீட்டில் தராசு இருக்காது. டிராம் எண் பொறித்த அளவை மட்டும் இருக்கும். ஆகவே ஷுல்ட்ஸே, இ. சி. ஆகிய மருந்துகளைக் கருமருந்து அடைக்கும் இடத்தையே அடைத்துக்கொள்ளும்படி பொருபொருவென்று செய்தனர். 12 எண் துப்பாக்கிக்கு வழக்கமாக இடும் கருமருந்து 3 டிராம். அதாவது 82 கிரெயின், ஏறத்தாழ 5.3 கிராம். அதே கோடுவரை நிரப்பிய ஷுல்ட்ஸே மருந்தின் எடை 42 கிரெயின் தான், ஏறத்தாழ 2.7 கிராம். எடை பாதியானாலும் வேகம் ஒன்றே. பழைய அளவையைக் கொண்டே புதிய மருந்தை அளக்கலாம். பழக்கத்தை மாற்ற வேண்டியதில்லை. இவ்வகை மருந்துக்கு ஆங்கிலேயர் 'பல்க்' என்று பெயரிட்டனர். நாம் பருமன் மருந்து என்போம்.

இதற்கிடையே ரைஃபிளுக்கும் வழி பிறந்தது. 1884-இல் பிரான்சு நாட்டு வேதியியலார் பால் வியேய், மணியின் புறத்தோலை மட்டுமன்றி வெடிபஞ்சு முழுவதையுமே கரைப்பானில் குழைத்துக் கூழ்மமாக்கித் தகடாக இழுத்து நறுக்கினார். நுண்துளைகள் மறைந்தன. தீ உள்ளே பாய இடமில்லாமல், மேற்பரப்பிலிருந்து அடுக்கடுக்காக எரிந்து சென்றது. 1886-ஆம் ஆண்டின் லெபெல் ரைஃபிள் இம்மருந்தைக் கொண்டது. 1887-இல் ஆல்ஃபிரட் நோபெல் வெடிபஞ்சை நைட்ரோகிளிசரினில் குழைத்துப் 'பாலிஸ்டைட்' செய்தார். 1889-இல் இங்கிலாந்தில் 'கார்டைட்' வந்தது. நம் நீலகிரியில் அரவங்காட்டுத் தொழிற்சாலை தோன்றியது இந்தக் கார்டைட்டுக்காகவே.

இக்கூழ்ம மருந்துகள் வேட்டைத் தோட்டாவுக்குள்ளும் நுழைந்தன. பாலிஸ்டைட்டும், ஜெர்மனியின் வால்ஸ்ரோடே மருந்தும் அவ்வகையின. ஈரத்தால் எளிதில் கெடாமை இவற்றின் சிறப்பு. ஆனால் இவை செறிவு மருந்துகள். 12 எண் தோட்டாவுக்கு ஏறத்தாழ 25 கிரெயினே போதும். அந்தச் சிறு குவியல் பழைய அளவையின் அடிப்பகுதியைத்தான் மறைக்கும்.

ஒரு படி பொரியையும் ஒரு படி அரிசியையும் எண்ணிப் பாருங்கள். படி ஒன்றே; எடை ஒன்றா? பொரி உண்பவன் ஒரு படியைத் தின்று முடித்து இன்னும் கேட்பான். ஒரு படி அரிசியையோ ஒருவன் ஒரே வேளையில் உண்ண முடியாது. பருமன் மருந்து பொரி போன்றது. செறிவு மருந்து அரிசி போன்றது. பழைய பித்தளை அளவையில் மூன்றாம் கோடுவரை செறிவு மருந்தை நிரப்பியவன், துப்பாக்கி தாங்கக்கூடியதைப் போலப் பன்மடங்கு மருந்தைத் தோட்டாவில் அடைத்துவிட்டான். இரண்டு மருந்துகளும் பார்வைக்குச் சிறு துகள்கள். இரண்டின் டப்பாவிலும் 'புகையற்றது' என்றே எழுதியிருக்கும். அவன் விசையைத் தட்டும்போது குழலை ஏந்தியிருக்கும் இடக்கை, பிளக்கும் இடத்திற்கு மிக அருகில் இருக்கிறது.

இதற்கு மாற்று என்ன? அளவையை நம்பாமல் தராசை நம்புவதும், அழுத்தத்தை ஊகிக்காமல் அளந்து பார்ப்பதும்தான். குழலின் பக்கத்தில் துளையிட்டு அதில் ஈயம் அல்லது செம்பினாலான சிறு உருளையைப் பொருத்திச் சுட்டால், உருளை நசுங்கிய அளவு அழுத்தத்தைக் காட்டிவிடும். லண்டனிலும் பர்மிங்காமிலும் துப்பாக்கிகளைச் சோதித்து முத்திரையிடும் சாலைகள் நெடுங்காலமாக உண்டு. 1896-இல் புகையற்ற மருந்துக்கென அவை தனிச் சோதனையும் தனி முத்திரையும் ஏற்படுத்தின. கருமருந்துக்குத் தேறிய துப்பாக்கி புதிய மருந்துக்கும் தேறியதாகாது என்பதே அந்த முத்திரையின் பொருள். 'தி ஃபீல்டு' என்னும் வார இதழின் ஆசிரியர் வால்ஷ், 1858 முதல் துப்பாக்கிகளுக்குப் பலமுறை பொதுச்சோதனை நடத்தி முடிவுகளை அச்சிட்டார். அவர் தம் துப்பாக்கி வெடித்ததால் இடக்கையின் பெரும்பகுதியை இழந்தவர். சோதனையின் அருமையை அவருக்கு வேறெவரும் எடுத்துச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

இன்னும் ஓர் ஏமாற்றத்தையும் சொல்லிவிடுகிறேன். கசடு படியாத மருந்து வந்துவிட்டதால் இனிக் குழலைக் கழுவ வேண்டாம் என்று பலரும் மகிழ்ந்தனர். ஆனால் குழல்கள் முன்னிலும் விரைவாகத் துருப்பிடித்தன. பழி புதிய மருந்தின்மேல் விழுந்தது. அதில் அமிலம் எஞ்சியிருக்கிறது என்றனர். 1922-இல் அமெரிக்கச் சுரங்கத் துறையைச் சேர்ந்த ஹஃப் என்பவர் உண்மையை வெளிப்படுத்தினார். குற்றவாளி மருந்தன்று, தோட்டாவின் அடியில் தீமூட்டும் கேப்பில் இருந்த பொட்டாசியம் குளோரேட். அது எரிந்து பொட்டாசியம் குளோரைடாகிறது. நாம் உண்ணும் உப்புக்கு உறவான அந்த உப்பு ஈரத்தை ஈர்த்து எஃகை அரிக்கிறது. கருமருந்துக் காலத்திலும் அது குழலில் படிந்துதான் வந்தது. ஆனால் கசடுக்குப் பயந்து ஊற்றிய வெந்நீர் அதனையும் கரைத்துக்கொண்டு போயிற்று. புதிய மருந்து வந்ததும் வெந்நீரை விட்டனர், உப்பு தங்கிவிட்டது. காரணம் தெரிந்தபின் சில ஆண்டுகளுக்குள் துருப்பிடிக்கச் செய்யாத கேப்புகள் விற்பனைக்கு வந்தன.

பருமன் மருந்துகள் இன்று வழக்கொழிந்தன. ரவைத் தோட்டாக்களில் செறிவு மருந்துகளே நிரம்பியுள்ளன. அவற்றின் அளவும் எடையாலேயே குறிக்கப்படுகிறது. ஆயினும் அமெரிக்காவில் விற்கும் தோட்டாப் பெட்டிகள் சிலவற்றின் மேல் '3 டிராமுக்குச் சமம்' என்ற குறிப்பை இன்றும் காணலாம். உள்ளே 3 டிராம் மருந்து இருக்கிறது என்பதன்று அதன் பொருள். 3 டிராம் கருமருந்து தந்த வேகத்தை இத்தோட்டா தரும் என்பதே பொருள். கருமருந்து போய்விட்டது, அதை அளந்த சொல் மட்டும் நிலைத்துவிட்டது. எண்ணைப் பார்த்தவர்கள், அது எதனுடைய எண் என்பதையும் கேட்க வேண்டும்.

இதையெல்லாம் கேட்டபின் நண்பர் அந்தப் பித்தளை அளவையைக் கையில் எடுத்துச் சிறிது நேரம் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "என் பாட்டனார் எந்த மருந்தை இதால் அளந்தாரோ, பத்து விரல்களோடும் வாழ்ந்து முடித்தார்" என்றார். பிறகு ஒரு காகிதத் துண்டில், 'கருமருந்துக்கு மட்டும்' என்று எழுதி அதன் பிடியில் கட்டிப் பெட்டிக்குள் வைத்தார். உங்கள் ஆய்வுக்கூடத்தில் ஓர் அளவையைக் கையில் எடுக்கும்போது, இது எதை அளக்கச் செய்தது என்று நீங்களும் ஒருமுறை கேட்டுக்கொண்டால் நான் மகிழ்வேன்.